ஒரு மரபணு எப்படிப் புரதமாகிறது? ஹீமோகுளோபினை முன்வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

மனித உடம்பில் புரதம் செய்வதற்கான மரபணுக்கள் சுமார் 20,000 இருக்கின்றன. அத்தனையையும் பற்றிப் பொதுவாகப் பேசினால் மனதில் எதுவும் தங்காது. அதனால் ஒரே ஒரு மரபணுவைப் பிடித்துக்கொள்வோம்: ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணு. ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டிய எல்லோருக்கும் ஹீமோகுளோபின் பழக்கம்தான். அடிக்கடி வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அதை வைத்தே பதில் சொல்லிவிட முடியும்.

புரதம் என்றால் பருப்பிலும் முட்டையிலும் இருக்கிறதே, அதுதானா?

அதேதான். புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட சங்கிலி. அமினோ அமிலங்களில் 20 வகை உண்டு. எது எதற்குப் பின் வருகிறது என்ற வரிசையை மாற்றினால் புரதமும் மாறிவிடும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். வேலின், ஹிஸ்டிடின், லூசின், திரியோனின், புரோலின், குளூட்டமிக் அமிலம் என்று அது தொடங்கும். இந்த ஆறு பெயர்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவதை வைத்துப் பின்னால் பெரிய கதை ஒன்று இருக்கிறது.

சாப்பிட்ட பருப்பின் புரதம் அப்படியே நம் உடம்பின் புரதமாகிவிடுவதில்லை. குடலில் அமினோ அமிலங்களாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. அவற்றை எந்த வரிசையில் மறுபடி கோப்பது என்பதைச் செல்லில் இருக்கும் மரபணுதான் தீர்மானிக்கிறது.

அந்த வரிசை எங்கே பதிந்திருக்கிறது?

டிஎன்ஏவில். ஏ, டி, ஜி, சி என்று நான்கு வேதியியல் எழுத்துகள். நம் மரபுத் தொகுதியில் மொத்தம் சுமார் 300 கோடி எழுத்துகள் இருக்க, பீட்டா குளோபின் மரபணு 11-ஆம் குரோமோசோமில் சுமார் 1,600 எழுத்து நீளத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள். டிஎன்ஏ இரட்டை இழை. ஒரு பக்கம் ஏ என்றால் எதிரே டி, ஜி என்றால் எதிரே சி. இந்தப் பொருத்தம் ஒன்றை வைத்துத்தான் கீழே வரும் எல்லாமே நடக்கிறது. செல் எந்த எழுத்தையும் பொருள் புரிந்து படிப்பதில்லை. எது எதனோடு பொருந்துகிறது என்பது மட்டுமே அதற்குக் கணக்கு.

டிஎன்ஏவை நேரடியாகப் பார்த்துப் புரதம் செய்துவிடலாமே, நடுவில் ஆர்என்ஏ எதற்கு?

டிஎன்ஏ இருப்பது செல்லின் உட்கருவுக்குள். புரதம் தயாராவது வெளியே சைட்டோபிளாசத்தில். இடையில் ஒரு தூது வேண்டும். 1961-இல் சிட்னி பிரென்னர், பிரான்சுவா ஜாக்கோப், மேத்யூ மெசல்சன் மூவரும் பாக்டீரியாவில் செய்த சோதனை அப்படியொரு தூது ஆர்என்ஏ இருப்பதைக் காட்டியது. பாக்டீரியாவுக்கோ உட்கருவே கிடையாது. ஆகவே இடைவெளியைக் கடப்பது மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

எண்ணிக்கையைப் பார்த்தால் இன்னொரு காரணம் புரியும். ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பீட்டா சங்கிலிகள். ஆக ஒரே சிவப்பணுவுக்கு 54 கோடி சங்கிலிகள் வேண்டும், கையில் இருப்பதோ இரண்டே இரண்டு மரபணுப் பிரதிகள். இரண்டிலிருந்து ஆயிரக்கணக்கான தூது ஆர்என்ஏ படிகள், அவை ஒவ்வொன்றிலிருந்தும் மறுபடி ஆயிரக்கணக்கான சங்கிலிகள் என்று பெருக்கினால்தான் இந்தக் கணக்கு எட்டும். எலும்பு மஜ்ஜை விநாடிக்கு 20 லட்சம் சிவப்பணுக்களுக்கு மேல் உருவாக்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்கிறார்கள். அப்படியானால் தோல் ஏன் ஹீமோகுளோபின் செய்வதில்லை?

மரபணு இருந்தால் மட்டும் போதாது, அது திறந்திருக்கவும் வேண்டும். தோல் செல்லில் பீட்டா குளோபின் மரபணு ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி இறுக்கமாக மடிந்து கிடக்கும். படியெடுக்கும் நொதி அதை நெருங்க முடியாது. மஜ்ஜையில் சிவப்பணுவாக வளரும் செல்லில் காட்டா1 போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் அந்த இடத்தில் வந்து அமர்ந்து திறந்து வைக்கின்றன. பல்லாயிரம் எழுத்து தள்ளி இருக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியும் டிஎன்ஏ வளைந்து கொடுக்க, மரபணுவின் அருகே வந்து உசுப்பிவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 11-ஆம் குரோமோசோமில் பீட்டா குளோபினுக்கு முன்னால் அதன் உறவுக்கார மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. முதலில் இருப்பது கருவின் ஆரம்ப வாரங்களில் வேலை செய்யும். அடுத்து நிற்கும் காமா குளோபின் வயிற்றுப் பிள்ளைக்கானது. கடைசியில்தான் பிறந்த பிறகு நாம் பயன்படுத்தும் பீட்டா. வாழ்க்கையில் தேவைப்படும் அதே வரிசையில் குரோமோசோமிலும் நிற்கின்றன. குழந்தை பிறந்து சில மாதங்களில் காமா அடங்கி பீட்டா மேலெழுகிறது. பிறவியிலேயே பீட்டா குளோபினில் கோளாறுள்ள குழந்தைக்கும் முதல் சில மாதங்கள் எந்தத் தொந்தரவும் தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

படியெடுக்கும்போது சரியாக என்ன நடக்கிறது?

ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி மரபணுவின் தொடக்கத்தில் அமர்ந்து, இரட்டை இழையைக் கொஞ்சம் பிரித்து, ஓர் இழையைப் பார்த்துப் பொருந்தும் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போகும். ஆர்என்ஏவில் டி கிடையாது, அந்த இடத்தில் யு வரும். முன்முனையில் ஒரு தொப்பி, பின்முனையில் ஏ, ஏ, ஏ என்று நீளும் வால். இரண்டும் ஆர்என்ஏ சீக்கிரம் சிதையாமல் காக்கின்றன.

அப்புறம் வெட்டி ஒட்டும் வேலை. எடுத்த படி முழுவதும் புரதத்துக்கான தகவல் இல்லை. பீட்டா குளோபினில் இடையிடையே இரண்டு இன்ட்ரான்கள், ஒன்று 130 எழுத்து, இன்னொன்று 850 எழுத்து. இவற்றை வெட்டியெறிந்து மீதி மூன்று துண்டுகளை ஒட்டினால்தான் தூது ஆர்என்ஏ தயார். 1,600 எழுத்து சுமார் 630 ஆகச் சுருங்கிவிடுகிறது. மரபணுக்கள் இப்படித் துண்டு துண்டாக இருக்கின்றன என்பதை 1977-இல் பிலிப் ஷார்ப்பும் ரிச்சர்ட் ராபர்ட்ஸும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதுவரை யாரும் எதிர்பார்க்காத செய்தி அது.

எங்கே வெட்டுவது என்பதும் எழுத்துப் பொருத்தத்தால்தான் முடிவாகிறது. முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்து ஜி. அது சி ஆகிவிட்டால் வெட்டும் அமைப்பு தடுமாறும், சரியான தூது ஆர்என்ஏ வெகு குறைவாகவே வெளிவரும். பீட்டா சங்கிலி போதாமல் வரும் பிறவி ரத்தநோயான பீட்டா தலசீமியாவுக்கு இந்தியாவில் மிகப் பரவலான காரணம் இந்த மாற்றம்தான். மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் எத்தனையோ குழந்தைகளுக்கு, புரதத்தில் இடம்பெறவே போகாத ஓர் எழுத்து மாறியிருக்கிறது. தேவையில்லாத பகுதி என்று இன்ட்ரானை ஒதுக்கிப் பேசுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்று எப்படித் தெரிந்தது?

எழுத்து நான்கு, அமினோ அமிலம் இருபது. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 16 கூட்டுகள்தான், போதாது. மும்மூன்றாகச் சேர்த்தால் 64. இது ஊகம்தான், நிரூபணம் சோதனைச்சாலையிலிருந்து வந்தது. 1961-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் மார்ஷல் நிரன்பர்க்கும் ஹைன்ரிக் மத்தேயும் யு எழுத்து மட்டுமே கொண்ட செயற்கை ஆர்என்ஏவை, உடைத்த பாக்டீரியாச் சாற்றில் போட்டார்கள். பினைல்அலனின் மட்டுமே கொண்ட சங்கிலி வந்தது. யு-யு-யு என்றால் பினைல்அலனின். முதல் சொல் பிடிபட்டுவிட்டது.

மீதியில் பெரும்பங்கு ஹர் கோவிந்த் கொரானாவுடையது. பிரிக்கப்படாத பஞ்சாபின் ராய்ப்பூர் கிராமத்தில் பிறந்தவர். எழுத்து வரிசை துல்லியமாகத் தெரிந்த ஆர்என்ஏக்களை அவர் குழு செய்து பார்த்தது. யு-சி-யு-சி என்று மாறி மாறி வரும் ஆர்என்ஏவைக் கொடுத்தால் செரின், லூசின், செரின், லூசின் என்று மாறி மாறி வரும் சங்கிலி கிடைத்தது. மூன்று மூன்றாகப் படித்தால்தான் அப்படி வரும். இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்குக் கோடான் என்று பெயர். 1966-க்குள் 64 கோடான்களின் அட்டவணையும் முடிந்தது. 61 கோடான்கள் அமினோ அமிலங்களுக்கு, 3 கோடான்கள் நிறுத்தக் குறிகள். நிரன்பர்க், கொரானா, ராபர்ட் ஹாலி மூவருக்கும் 1968-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஓர் எழுத்து விட்டுப்போனால் என்ன ஆகும்?

கோடான்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது என்பதால் பாதிப்பு பெரிது. ‘கடல்மணல்வயல்நகர்’ என்பதை மும்மூன்று எழுத்தாகப் பிரித்தால் கடல், மணல், வயல், நகர். இரண்டாவது எழுத்தான ட-வை எடுத்துவிட்டு அதே மாதிரி பிரித்துப் பாருங்கள்: கல்ம, ணல்வ, யல்ந, கர். தவறு ஓரிடத்தில்தான், ஆனால் அதற்குப் பின்னால் எதுவுமே சொல்லாக இல்லை. மரபணுவிலும் இதே கதி. பெரும்பாலும் தப்பான இடத்தில் ஒரு நிறுத்தக் குறி வந்து சங்கிலி பாதியில் அறுந்துவிடும்.

விட்டுப்போகாமல் ஓர் எழுத்து மாறினால் மட்டும் சில சமயம் ஒன்றுமே ஆகாது. ஜி-ஏ-ஜி, ஜி-ஏ-ஏ இரண்டுமே குளூட்டமிக் அமிலத்தைத்தான் குறிக்கும்.

கோடானைப் பார்த்து அமினோ அமிலத்தைக் கொண்டுவருவது யார்?

கடத்து ஆர்என்ஏ. சுமார் 75 முதல் 90 எழுத்து நீளமுள்ள சிறிய மூலக்கூறு. ஒரு முனையில் கோடானோடு பொருந்தும் மூன்று எழுத்து, மறுமுனையில் அமினோ அமிலம்.

ஆனால் எந்தக் கடத்து ஆர்என்ஏவில் எந்த அமினோ அமிலத்தை ஏற்றுவது என்று பார்க்கும் நொதிகள் தனி. பாடங்களில் இவற்றை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். குறியீட்டை அமினோ அமிலத்தோடு இணைக்கும் இடமே இதுதான். ஐசோலூசினுக்கும் வேலினுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் மட்டுமே. ஐசோலூசினை ஏற்றும் நொதி சில சமயம் ஏமாந்து வேலினைப் பிடித்துவிடும். அதற்காகவே அந்த நொதியில் இரண்டாவதாக ஒரு குழி இருக்கிறது. ஐசோலூசின் அதில் நுழையாது. வேலின் சிறியது, நுழைந்துவிடும், நுழைந்தால் வெட்டி வெளியே தள்ளப்படும். இங்கே தவறாக ஏற்றிவிட்டால் பிறகு திருத்த வழியில்லை. அமினோ அமிலங்களைக் கோக்கும் இயந்திரமான ரைபோசோம், கோடான் பொருந்துகிறதா என்றுதான் பார்க்கும், மறுமுனையில் என்ன தொங்குகிறது என்று பார்க்காது.

சரி, ரைபோசோமில் என்ன நடக்கிறது?

பீட்டா குளோபினையே நடத்திப் பார்ப்போம். ரைபோசோமின் சிறிய பாதி தூது ஆர்என்ஏவின் தொப்பியருகே ஏறி எழுத்துகளின் மேல் நகர்ந்துகொண்டே வரும். சுமார் 50 எழுத்து தாண்டியதும் ஏ-யு-ஜி வருகிறது. தொடங்கும் இடம் அதுதான். பெரிய பாதி வந்து மேலே மூடிக்கொள்கிறது. ஏ-யு-ஜிக்கு மெத்தியோனின். அடுத்து ஜி-யு-ஜி: வேலினைச் சுமந்த கடத்து ஆர்என்ஏ வந்து பொருந்துகிறது. மெத்தியோனின் தன் கடத்து ஆர்என்ஏவை விட்டு வேலினோடு பிணைகிறது. ரைபோசோம் மூன்று எழுத்து முன்னே நகர்கிறது, காலியான கடத்து ஆர்என்ஏ விலகுகிறது. சி-ஏ-யு, ஹிஸ்டிடின். சி-யு-ஜி, லூசின். ஏ-சி-யு, திரியோனின். சி-சி-யு, புரோலின். ஜி-ஏ-ஜி, குளூட்டமிக் அமிலம். இப்படியே போய் யு-ஏ-ஏ வந்ததும் அதற்குப் பொருந்தும் கடத்து ஆர்என்ஏ எதுவும் இல்லை. விடுவிப்புப் புரதம் ஒன்று வந்து சங்கிலியை அறுத்துவிடுகிறது. முதலில் வந்த மெத்தியோனினைச் சங்கிலி வளரும்போதே ஒரு நொதி நீக்கிவிடும், அதனால் முடிந்த புரதம் வேலினில் தொடங்குகிறது.

நம் செல்களில் விநாடிக்குச் சுமார் ஐந்து அமினோ அமிலம் என்ற வேகத்தில் இது ஓடுகிறது. ஒரு குளோபின் தூது ஆர்என்ஏவின் மேல் ஒரே சமயத்தில் ஐந்து ரைபோசோம்கள்வரை வரிசையாக நகர்வதை 1960-களிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள்.

அமினோ அமிலங்களைப் பிணைக்கும் வேலையை ரைபோசோமில் எது செய்கிறது? பல காலம் அதிலுள்ள புரதங்களில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் ரைபோசோமின் அணு அளவிலான அமைப்பு வெளிவந்தபோது, பிணைப்பு நடக்கும் இடத்தைச் சுற்றி இருந்தது ஆர்என்ஏதான். அந்த அமைப்பைக் கண்டறிந்ததற்காக சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவரும் 2009-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கோடானும் கடத்து ஆர்என்ஏவும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று ரைபோசோமின் சிறிய பாதி எப்படிச் சோதிக்கிறது என்பதை விளக்கியதில் ராமகிருஷ்ணன் குழுவின் பங்கு பெரிது.

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறையவே. அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாம் பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் உட்காருபவை. அசித்ரோமைசின் புதிய சங்கிலி வெளியேறும் சுரங்கத்தை அடைக்கிறது. டாக்சிசைக்ளின் கடத்து ஆர்என்ஏ வந்து அமரும் இடத்தை மறிக்கிறது. நம் ரைபோசோமின் வடிவம் கொஞ்சம் வேறு என்பதால் நாம் தப்பிக்கிறோம்.

கதிர் அரிவாள் இரத்தசோகை என்கிறார்களே, அது இதில் எங்கே வருகிறது?

நினைவில் வைக்கச் சொன்ன ஆறாவது இடத்தில். ஜி-ஏ-ஜி என்பதில் நடு எழுத்து மாறி ஜி-யு-ஜி ஆகிவிட்டால், குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வரும். 146-இல் ஒன்று. குளூட்டமிக் அமிலம் மின்னூட்டம் கொண்டது, தண்ணீரோடு ஒத்துப்போகும். வேலின் தண்ணீரை விரும்பாதது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில் இந்த வேலின் பக்கத்து மூலக்கூறில் உள்ள ஒரு பள்ளத்தில் போய்ப் பதிகிறது. அது அடுத்ததோடு, அடுத்தது இன்னொன்றோடு என்று நீண்ட நார்களாகித் தட்டையான வட்டச் சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு இழுத்துவிடும். அந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்துத் தாங்க முடியாத வலியைத் தரும்.

1949-இல் லைனஸ் பாலிங் குழு இது ஒரு மூலக்கூறின் நோய் என்று காட்டியது. ஒரே அமினோ அமில மாற்றம்தான் என்பதை 1950-களின் நடுவில் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்க்ராம் கண்டார். இந்தியாவில் இந்த மாறிய மரபணு இருப்பது முதலில் பதிவானது நம் நீலகிரியில். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடி மக்களிடம் இதைக் கண்டு வெளியிட்டார்கள். ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது, அதனால்தான் மலேரியா இருந்த பகுதிகளில் இந்த மாற்றம் நிலைத்தது. பெற்றோர் இருவருமே அப்படி ஒரு பிரதி கொண்டவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

இந்த நோயாளியின் செல்லில் படியெடுத்தல், வெட்டி ஒட்டுதல், ரைபோசோம் என்று எதிலும் ஒரு பிழையும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வந்த எழுத்தை அத்தனையும் அப்பழுக்கில்லாமல் நிறைவேற்றியிருக்கின்றன.

சங்கிலி தயாரானதும் வேலை முடிந்ததா? இரும்புச்சத்து எங்கே சேர்கிறது?

சங்கிலி மடிந்து வடிவம் பெற வேண்டும், நடுவில் இரும்பைத் தாங்கிய ஹீம் அமர வேண்டும், ஹீமோகுளோபினின் மற்றொரு வகைச் சங்கிலியான ஆல்பா இரண்டும் பீட்டா இரண்டும் சேர வேண்டும். ஹீம் இல்லாமல் குளோபினை மட்டும் செய்து குவித்தால் செல்லுக்குக் கேடு. அதைத் தடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. ஹீம் குறைந்ததும் ஒரு நொதி விழித்துக்கொண்டு, ரைபோசோமில் சங்கிலி தொடங்க உதவும் புரதம் ஒன்றைச் செயலிழக்கச் செய்கிறது. குளோபின் உற்பத்தி குறைகிறது. இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருப்பது இதனால்தான். ரிப்போர்ட்டில் ‘எம்சிவி’ (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைவு என்று அச்சாகிவரும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு எடுக்கும் ஹெச்பிஏ1சி இதே ஹீமோகுளோபினா?

இதேதான், இன்னும் சொல்லப்போனால் அதே முதல் வேலின். மெத்தியோனின் நீங்கியதால் வெளியே தெரியும் அந்த முனையில் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் மெல்ல ஒட்டிக்கொள்கிறது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, ரைபோசோமும் இல்லை; புதிய ஹீமோகுளோபின் செய்யவே முடியாது. உள்ளே இருப்பது சுமார் 120 நாளும் அப்படியே இருந்து ஒட்டிய சர்க்கரையைக் காட்டுகிறது. அதனால்தான் அதை மூன்று மாதச் சராசரி என்கிறோம். கதிர் அரிவாள் நோய் போன்றவற்றில் சிவப்பணு சீக்கிரமே அழிந்துவிடுவதால் இந்த எண்ணை நம்ப முடியாது. அப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எம்ஆர்என்ஏ தடுப்பூசி நம் மரபணுவை மாற்றுமா?

மாற்றாது. அது தயார் நிலையில் உள்ள தூது ஆர்என்ஏ. சைட்டோபிளாசத்தில் ரைபோசோம் அதைப் படித்து வைரஸ் புரதத்தைச் செய்யும், சில நாளில் ஆர்என்ஏ சிதைந்துவிடும். ஆர்என்ஏவின் எழுத்துகளைச் சற்று மாற்றி, உடம்பு அதை எதிரியாகக் கருதித் தாக்காமல் செய்ததற்காக கேட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2023-இல் நோபல் பெற்றார்கள். நம் ஊரில் பெரும்பாலானோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு வேறு வகை. அதில் தீங்கற்ற வைரஸ் ஒன்று டிஎன்ஏவைச் சுமந்து வரும், உட்கருவில் அதிலிருந்து தூது ஆர்என்ஏ எடுக்கப்படும். அந்த டிஎன்ஏவும் நம் குரோமோசோமில் போய்ச் சேரும்படி வடிவமைக்கப்பட்டதல்ல.

பிறவியிலேயே எழுத்து மாறியிருந்தால் சரிசெய்ய வழி உண்டா?

இப்போது உண்டு. கதிர் அரிவாள் நோய்க்கு ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை பல காலமாகப் பயன்படுகிறது. அது அடங்கிப்போன காமா குளோபினை ஓரளவு தட்டி எழுப்புகிறது. காமா கொண்ட ஹீமோகுளோபின் கூடினால் அரிவாள் நார்கள் உருவாவது குறையும். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சையும் இதே வழியில்தான் போகிறது. பீட்டாவில் மாறிய எழுத்தை அது தொடுவதே இல்லை. நோயாளியின் மஜ்ஜை ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, காமாவை அடக்கி வைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை கிரிஸ்பர் என்ற டிஎன்ஏ வெட்டும் கருவி கொண்டு வெட்டித் திருப்பிச் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்.

அந்த விலை நீலகிரியின் குடும்பங்களுக்கு எட்டாது. அங்கே இன்றைக்குக் கைகொடுப்பது ரத்தப் பரிசோதனையும் ஹைட்ராக்சியூரியாவும்தான். மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கிய கதிர் அரிவாள் நோய் ஒழிப்புத் திட்டத்தில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. பழங்குடிப் பகுதிகளில் இருப்பவர்கள் திருமணத்துக்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். ஒரு சொட்டு ரத்தம் போதும்.